இம்மி தள்ளி நின்ற சக்கரம்

“தலையை ஆட்டாதடா!”

அக்கா மைக்கில் போட்ட அதட்டல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காந்தக் குழாய்க்குள் மல்லாந்து கிடந்த தம்பியின் காதில் போய் விழுந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால் கட்டைவிரல் ஒரு தடவை நிமிர்ந்து மடங்கியது. சரி என்று அர்த்தம்.

“அக்கா, ஆட்டம் ஓடும்போது பேசாதீங்க” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி டாக்டர். “உங்க சத்தத்துக்கும் அவர் மூளை வேலை செய்யும். எது ஆட்டத்துக்கு வந்தது, எது நீங்க திட்டினதுக்கு வந்ததுன்னு நான் அப்புறம் எப்படிப் பிரிப்பேன்?”

“பொறந்ததுலேருந்து என் திட்டைக் கேட்டு வளர்ந்தவன் டாக்டர். அவன் மூளைக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஒண்ணும் பதியாது.”

ஸ்கேன் அறையை நடத்துகிற அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான வாசல் காவலாளிக்கும் அவள் அக்காதான். உண்மையிலேயே அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் இன்று குழாய்க்குள் கிடந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. செல்போனில் சக்கரம் சுற்றும் சூதாட்டம் வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டு, கடைசியில் அவன் மனைவியையும் குழந்தையையும் அவளுடைய அப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

அதன் பிறகுதான் அக்கா இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அவனுடைய போனைப் பிடுங்கி உடைத்துவிட்டு, பேச மட்டும் பயன்படும் பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுத்தாள். சம்பளம் நேராகத் தன் கணக்குக்கு வரும்படி செய்தாள். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் காலையில் கொடுப்பாள். அரை வருடத்துக்கு மேல் அவன் ஆடவில்லை. போன வாரம்தான் அக்கா நேரில் போய் நின்று, “இனிமே என் பொறுப்பு. மறுபடி தொட்டான்னா என் மூஞ்சியில காறித் துப்பு” என்று சொல்லித் தம்பி மனைவியையும் குழந்தையையும் கூட்டிவந்து வீட்டில் விட்டாள். “உங்க வார்த்தைக்காக வர்றேன் அண்ணி. இன்னொரு தடவை படி இறங்கினா திரும்பி வர மாட்டேன்” என்று அவளும் தீர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

இத்தனைக்குப் பிறகும் அவனை இந்த ஆராய்ச்சிக்கு அழைத்து வந்தது அக்காவேதான். சூதாட்டத்தில் சிக்கியவர்களின் மூளை பணம் கிடைக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க டாக்டருக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்காவுக்கும் பார்க்க ஆசை. இத்தனை வருடமாகத் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட அந்தச் சனியன் அவன் மண்டைக்குள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அந்த இயந்திரம் அப்படி எதையும் உடனே காட்டிவிடாது. திரையில் வருவது சாம்பல் நிறத் துண்டுப் படங்கள்தான். மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் பாய்கிறது. அதுவும் உடனே அல்ல. பட்டனை அழுத்தியவுடன் லிஃப்ட் கதவு திறந்துவிடுவதில்லை, மேல்மாடியிலிருந்து அது இறங்கி வர வேண்டும் அல்லவா? அதுபோல ரத்தமும் சில நொடிகள் தாமதமாக வந்து சேரும். அந்த ரத்தம் காந்தப் புலத்தில் ஏற்படுத்தும் சின்னஞ்சிறு மாற்றத்தைத்தான் இயந்திரம் பிடிக்கிறது. பத்திரிகைகளில் வரும் சிவப்பும் மஞ்சளும் பிறகு கணக்குப் போட்டுப் பூசுவது. ஒரே ஆளின் படத்தை வைத்துக்கொண்டு இவன் சூதாடி, இவன் யோக்கியன் என்று யாராலும் சொல்ல முடியாது. பல பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும். இதெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து அக்கா கற்றுக்கொண்டது.

உடனே கண்ணுக்குத் தெரிவது ஒன்று உண்டு. தலை அசைவைக் காட்டும் கோடு. அரிசி மணியளவு அசைந்தாலும் அது துள்ளும். அந்தக் கோடுதான் அக்காவை மைக்கைப் பிடிக்க வைத்தது.

தம்பியின் கண்ணுக்கு எதிரே கண்ணாடியில் மூன்று சக்கரங்கள் சுற்றின. குடை, சாவி, மீன், மணி என்று படங்கள். முதல் இரண்டும் தாமாக நிற்கும். மூன்றாவதை அவன் கையிலுள்ள பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். மூன்றும் ஒரே படமானால் பணம். ஒரு சுற்றில் மூன்று மீன் வந்தது. பணம் என்று திரை மின்னியது. கோடு அசையவில்லை. அடுத்த சுற்றில் சாவி, சாவி, மூன்றாவதில் சாவி இம்மி மேலே ஏறிப்போய்க் குடை வந்து நின்றது. தோல்வி. கோடு துள்ளியது.

“பாத்தீங்களா?” டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “ஜெயிச்சப்ப சும்மா இருக்கார். தோத்தப்ப, அதுவும் கிட்டத்துல தோத்தப்ப, துள்றார். மூளையோட அடியில, நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு. வரப்போகுது வரப்போகுதுன்னு ஆசை காட்டுறதுல அதுக்கு முக்கியப் பங்கு. எதிர்பாக்காம வர்ற பணத்துக்கு அது குதிக்கும், வழக்கமா வர்ற பணத்துக்கு அடங்கிடும். ஆனா இப்படி மயிரிழையில தவறினா, ஜெயிச்ச மாதிரியே குதிக்குது. நம்ம எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. இவங்களுக்கு அது அதிகமாங்கிறதுதான் என் கேள்வி.”

“தோத்ததுக்கு எதுக்குக் குதிக்கணும்? அறிவு கெட்ட இடம்.”

“அறிவு கெட்டது இல்ல அக்கா. பந்து எறியக் கத்துக்கிறப்ப குறிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தா என்ன அர்த்தம்? கை பழகுது, இன்னும் முயற்சி பண்ணுன்னு அர்த்தம். அந்த இடம் அதுக்காக இருக்கறது. இந்தச் சக்கரம் பந்து இல்லைன்னு அதுக்குத் தெரியாது. எந்தச் சுற்றுல ஜெயிக்கணும், எந்தச் சுற்றுல இம்மி தள்ளி நிக்கணும்னு நான் முன்னாடியே எழுதி வெச்சுட்டேன். அவர் அமுக்கறதுக்கும் அது நிக்கிற இடத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இதை ஆளுங்ககிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சுட்டா அந்த ஆளை வெச்சு அளக்க முடியாது. எல்லாம் முடிஞ்ச பிறகு நானே சொல்லிடுவேன்.”

அதுவரை அக்காவுக்குக் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. தம்பி எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அடுத்த நோயாளியை, முதுகுவலிக்காரக் கிழவர் ஒருவரை, அக்கா படுக்கவைத்து உள்ளே தள்ளினாள். இயந்திரம் கடகடவென்று தட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் பின்பக்கக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக நடைபாதையைப் பார்த்தாள்.

டாக்டர் தம்பியின் கையில் ஓர் உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி அதைத் திறந்து பார்த்தான். உள்ளே நோட்டுகள்.

திரையில் வந்தது விளையாட்டுப் பணம் என்று அக்கா நினைத்திருந்தாள். ஜெயித்ததை அப்படியே நோட்டாகக் கையில் கொடுப்பார்களா? அதுவும் அவன் கையிலா? அரை வருடமாக அவன் சட்டைப் பையில் பஸ் காசுக்கு மேல் ஒரு நோட்டு தங்கவிடாமல் காவல் காத்தவளின் கண் முன்னாலேயா?

அவள் கண்ணாடியைத் தட்டினாள். யாரும் திரும்பவில்லை. தம்பி உறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வெளியே போகும் வழியில் திரும்பி மறைந்தான். அக்காவால் நகர முடியாது. குழாய்க்குள் ஆள் இருக்கும்போது அறையை நடத்துகிறவள் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கிழவர் வேறு பயந்த சுபாவம். அவருடைய கையில் கொடுத்திருந்த அவசர மணியை ஒன்றுமில்லாததற்கெல்லாம் அமுக்கினார்.

“என்னம்மா, முடிஞ்சுதா?”

“இல்லைங்கய்யா. அசையாம இருங்க.”

“ரொம்ப நேரமாகுதே. கரண்ட் போயிட்டா என்னை எப்படி எடுப்பீங்க?”

“கையால இழுப்பேன்!” என்று அவள் கத்திய கத்தலில் கிழவர் அதற்குப் பிறகு மணியைத் தொடவே இல்லை. அவரிடம் காட்ட வேண்டிய கோபம் அல்ல அது. யாரிடம் காட்டுவது என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. டாக்டர்மேல் வந்தது. தம்பிமேல் வந்தது. கையெழுத்து வாங்கிய சம்மதக் காகிதத்தை முழுக்கப் படிக்காமல் அவனை இழுத்துவந்த தன்மேலும் வந்தது. அவனுடைய பட்டன் போனுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

கிழவரை எழுப்பி உட்காரவைத்து, செருப்பை மாட்டிவிட்டு, அடுத்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவள் ஓடினாள். வாசலில் இல்லை. எதிரே பழைய செல்போன் விற்கும் கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொடுதிரைகள். கடைக்காரரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டாள். அப்படி யாரும் வரவில்லை என்றார். பஸ் நிறுத்தத்தில் இல்லை. வெயிலில் நின்று மூச்சு வாங்கினாள். தம்பி மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டுக்கு போன் செய்து சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தாள். என்ன சொல்வது? நானே கூட்டிப்போய் ஆடவிட்டு, நானே பணத்தோடு அனுப்பிவிட்டேன் என்றா?

தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தவள், ஆராய்ச்சிப் பிரிவின் நடைபாதையில் அவனைப் பார்த்தாள். டாக்டரின் அறை வாசலில், நாற்காலியில், நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இங்கதான் இருக்கியா? ஏன்டா போனை அணைச்ச?”

“நீதானே ஸ்கேனுக்கு முன்னாடி அணைக்கச் சொன்ன? போடறதுக்கு மறந்துட்டேன். தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.” அவன் முகம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் அரை வருடம் அதைப் பார்க்காமல் நிம்மதியாக இருந்தாள். “அக்கா, ரெண்டாவது தடவை ஒண்ணு இருக்காம். நாளைக்கு ஒருத்தர் வரலையாம், அந்த இடத்தைக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன். நாளைக்கு விட மாட்டேன் பாரு.”

“எதை விட மாட்ட?”

“மூணாவது சக்கரத்தை. எனக்குப் பிடிபட்டுடுச்சு.” அவன் கட்டைவிரலை மடக்கிக் காட்டினான். “லிஃப்ட் தரையோட சமமா நிக்காம, ஒரு விரக்கடை மேல நிக்கும்ல? அதுக்கு என்ன பண்ணுவோம்? பிரேக் எங்க பிடிக்குதுன்னு பாத்து, கொஞ்சம் முன்னாடி பிடிக்க வெப்போம். ரெண்டு தடவை ஏத்தி இறக்கினா சரியா உக்காந்துடும். இதுவும் அதேதான். சாவி ஒரு கட்டம் ஏறிப் போகுது. நான் ஒரு நொடி லேட்டு, அவ்வளவுதான். நாளைக்கு முன்னாடியே அமுக்கிட்டா நேரா வந்து நிக்கும்.”

இவன் முட்டாள் இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது. இம்மி பிசகினால் இம்மி திருத்தலாம் என்பதை வைத்துத்தான் அவன் சோறு சாப்பிட்டான். அவன் தொழிலில் கிட்டத்தில் வருவது என்பது உண்மையிலேயே கிட்டத்தில் வருவது. அந்த நல்ல மெக்கானிக்கைத்தான் இந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டது.

டாக்டர் வெளியே வந்தாள். “ஓ, இன்னும் இருக்கீங்களா? நாளைக்குக் காலையில வந்துடறீங்களா?”

“வர மாட்டான்” என்றாள் அக்கா.

“வருவேன்” என்றான் தம்பி.

அக்கா டாக்டரிடம் திரும்பினாள். “இவன் யாருன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க? குடிகாரனைக் கூட்டி வந்து சோதனை பண்ணிட்டு, போகும்போது பாட்டில் குடுத்து அனுப்புவீங்களா?”

“அக்கா, மெதுவா.” டாக்டரின் முகம் சிவந்தது. “நிஜப் பணம் இல்லைன்னா மூளை அதை விளையாட்டாத்தான் எடுத்துக்கும். ஜெயிச்சதைக் குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுக்காம இருந்தா அது மோசடி. ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிச்ச முறை இது. அவர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்களும்தான் பக்கத்துல இருந்தீங்க.”

“நான் ஸ்கேன் பத்தின பக்கத்தைத்தான் பாத்தேன்.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இங்க இவர்தான் முடிவெடுக்கணும். நீங்க இல்ல.”

“கேட்டல்ல?” என்றான் தம்பி. “நான் என்ன சின்னப் பையனா? பஸ் காசுக்குக் கையேந்தி நிக்கிறேன், சரின்னு நின்னேன். இங்கயும் வந்து மானத்தை வாங்காத. ஒரே ஒரு தடவை. அதோட முடிஞ்சுது.”

ஒரே ஒரு தடவை. அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்காவுக்குள் ஏதோ அறுந்தது. அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.

“வாடா. உனக்கு ரெண்டாவது தடவையை நான் காட்டறேன்.”

“அக்கா, என்ன பண்றீங்க? அக்கா!” டாக்டர் கூப்பிடுவது பின்னால் கேட்டது. அக்கா கட்டுப்பாட்டு அறைக்குள் தம்பியைத் தள்ளி, கதவை உள்பக்கம் பூட்டினாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் படம் கண்ணாடியில் நேராக விழுகிறதா என்று பார்க்க அங்கிருந்த மடிக்கணினியில் ஆட்டத்தை ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஓட்டினாள். பட்டனை அவன் கையில் திணித்தாள்.

“நாலாவது சுற்றுல சாவி வரும். அமுக்கு. நீ சொன்னியே, முன்னாடியே அமுக்கு.”

நாலாவது சுற்று வந்தது. சாவி. சாவி. அவன் முன்கூட்டியே அமுக்கினான். மூன்றாவது சக்கரம் மெதுவாகி, சாவி ஒரு கட்டம் மேலே ஏறி, குடை வந்து நின்றது.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி...”

அக்கா முதலிலிருந்து ஓட்டினாள். அவன் அமுக்கினான். குடை. தாமதமாக அமுக்கினான். குடை. அவன் முகத்தில் பளபளப்பு போய், பழுது பார்க்கிறவனின் முகம் வந்தது. பட்டனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். யாரும் தொடாமலே சக்கரம் சுற்றி, தயங்கி, சாவியை மேலே அனுப்பிவிட்டுக் குடையில் நின்றது. அவன் குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தான். பட்டனின் வயரைத் தேடிப் பிடித்து, கணினியிலிருந்து உருவி எறிந்தான்.

“ஓட்டு.”

ஓட்டினாள். குடை.

கதவை டாக்டர் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கதவு மூடற பட்டன்” என்றான் அவன் கடைசியில். “சில லிஃப்ட்டுல வயரை நாங்களே கழட்டி விட்டுடுவோம். சனங்க அமுக்கிட்டே இருப்பாங்க. கதவு அதுபாட்டுக்கு மூடும். அமுக்கினதாலதான் மூடுச்சுன்னு நினைப்பாங்க.” அவன் தரையில் கிடந்த வயரைப் பார்த்தான். “அப்ப போன்ல? அங்க நான் அத்தனை ராத்திரி...”

“அங்க யாரு எப்படி எழுதி வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா உன் கட்டைவிரலை நம்பி எவனும் கடை வெச்சிருக்க மாட்டான்.”

“தேவடியாப் பசங்க” என்றான் அவன். மேஜையை ஓங்கி அறைந்தான். “என் குழந்தைக்குப் பால் வாங்க வெச்சிருந்ததை எல்லாம்...” இன்னும் ஓர் அறை. அக்கா தடுக்கவில்லை. இத்தனை வருடமும் அவனுடைய கோபம் அவள்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அது போக வேண்டிய திசையில் போனது.

ஆட்டம் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சுற்றில் மணி, மணி. மூன்றாவதில் மணி கீழிருந்து ஏறி, மற்ற இரண்டோடு சேர ஒரு கட்டம் இருக்கும்போது நின்றது. பட்டன் இல்லை. வயர் தரையில் கிடந்தது. இருந்தும் அவன் தோள் வெடுக்கென்று தூக்கிப்போட்டது. கட்டைவிரல் காற்றை அமுக்கியது. அதை இருவரும் பார்த்தார்கள்.

“அக்கா” என்றான் அவன். குரல் சின்னதாகிவிட்டது. “தெரிஞ்சும் துள்ளுது.”

“துள்ளும். அந்த இடம் உன் புத்தியைக் கேட்டுக்கிட்டு வேலை செய்யறதில்ல.” அவள் கணினியை மூடினாள். “அதனாலதான் உன்னைச் சொல்லித் திருத்த முடியும்னு நான் நம்பல. பிடுங்கி வெச்சேன்.”

கதவைத் திறந்ததும் டாக்டர் தரையில் கிடந்த வயரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. “சொல்லிட்டீங்க.”

“சொல்லல. காட்டிட்டேன்.”

“ஒரு ஆள் போச்சு. இவரை இனி எதுக்கும் எடுத்துக்க முடியாது. இத்தனை ஆளைத் தேடிப் பிடிக்க எனக்கு எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்கே தெரியும்.” அவள் அறைக்குள் வந்தாள். “இவங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நாள் உதவும்னுதான் நானும் பண்றேன் அக்கா. நான் மேல எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க. பணம் குடுக்கற பக்கத்தையும் சேத்து எழுதுங்க. சூதாடிக்கு வாசல்லயே நோட்டை எண்ணிக் குடுத்தோம், பக்கத்துல போன் கடை இருந்துதுன்னு எழுதுங்க. கணக்குல போடலாம், வீட்டு ஆளுகிட்ட குடுக்கலாம், வேற வழியே இல்லையான்னு அந்தக் குழுவைக் கேளுங்க. நானும் எழுதறேன்.”

டாக்டர் வயரை எடுத்துச் சுருட்டிக்கொண்டு, தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கா அவனை வாசல்வரை கொண்டுவிட நடந்தாள். வெயிலில் கண் கூசியது. எதிரே செல்போன் கடையின் கண்ணாடி மின்னியது. படியில் அவன் நின்றுவிட்டான். நகரவில்லை. கடையைப் பார்க்காமல் இருக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அக்கா. சட்டைப் பையில இருக்கு. எடுத்துக்கோ.”

“நீயே குடுடா.”

“என்னால குடுக்க முடியாது. நீ எடு.”

அவள் அவன் பைக்குள் கையை விட்டாள். உறை விரலில் பட்டதுமே அவன் கை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மெக்கானிக்கின் பிடி. எலும்பு நெரிந்தது.

“விடுடா.”

“நான் பிடிக்கல” என்றான் அவன், முகத்தைத் திருப்பாமல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “எடுன்னு சொல்றேன்ல? என்னைப் பாத்துட்டு நிக்காத. எடு!”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காவலாளி ஓடிவந்து, “என்னக்கா, யாரு இவன்? வம்பு பண்றானா?” என்றார்.

“என் தம்பி. நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, அவள் கடைசி விரலையும் பிரித்து உறையை உருவினாள்.